ஆச்சிக்குப் பதில் நான் போட்ட டிக்: இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவராகவும் உறுப்பினர்களாகவும் பொறுப்பில் அமர்வோருக்கு,

வணக்கம்.

தென்காசி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, 14 வருஷமாக நெட் சென்டர் நடத்திவருகிறேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்கேனர், வாசலில் ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் கடை. வருகிறவர்களில் பாதிப்பேர் பீடி சுற்றும் பெண்கள். பி.எஃப். பணம் எடுக்க வருவார்கள். பிள்ளைகளின் உதவித்தொகைக்கு எழுத வருவார்கள். வாரிசுச் சான்று, சாதிச் சான்று, முதியோர் பென்ஷன், மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், எல்லாவற்றுக்கும் இப்போது ஒரு இணையதளமோ செயலியோ இருக்கிறது. அதனால் எல்லாவற்றுக்கும் என் கடைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

எந்த விண்ணப்பமானாலும் கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வரும். பக்கத்தில், "விதிமுறைகளையும் தனியுரிமைக் கொள்கையையும் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்" என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதில் டிக் போடாவிட்டால் அடுத்த பொத்தான் வேலை செய்யாது. அந்த டிக்கை நான் போடுவேன். சீசன் நாளில் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முறை போட்டிருக்கிறேன். விண்ணப்பத்துக்கு உரியவர் அப்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், அல்லது பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். "படித்தேன்" என்று அங்கே எழுதியிருந்தாலும், படித்தது அவரும் இல்லை, நானும் இல்லை.

அப்புறம் ஓடிபி வரும். ஆச்சி தன் பட்டன் போனை என்னிடம் நீட்டி, "நம்பர் வந்துட்டு, நீயே பாத்துக்கோ ராசா" என்பார். நான் பார்த்து அடிப்பேன். வேலை முடிந்தது. கம்பெனியின் கணக்கில், ஒரு குடிமகள் தன் தகவல்களைக் கொடுக்க முழு மனதோடு சம்மதித்துவிட்டார்.

இதை உங்களிடம் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏனென்றால் நீங்கள் காவல் காக்கப்போகும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அதாவது நம் தகவலைக் கம்பெனிகள் எப்படி எடுக்கலாம், எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் சட்டம், பெரும்பாலும் அந்தச் சம்மதத்தின் மேல்தான் நிற்கிறது.

2025 நவம்பரில் அதற்கான விதிகள் அரசிதழில் வந்தபோது, 2023இல் வந்த அந்தச் சட்டத்தையும் சேர்த்து அச்செடுத்து, பி.காம். படித்த என் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு இரவுகள் படித்தேன். நல்ல சட்டமாகத்தான் ஆரம்பிக்கிறது. சம்மதம் என்றால் அது யாரும் வற்புறுத்தாமல் கொடுத்ததாக, குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டுமானதாக, விவரம் தெரிந்து கொடுத்ததாக, நிபந்தனை இல்லாததாக, சந்தேகத்துக்கு இடமில்லாததாக இருக்க வேண்டும் என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. படித்துவிட்டு நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த ஐந்தில் ஒன்றுகூட என் கடையில் நடப்பதில்லை.

இந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே.எஸ். புட்டசாமி 2012இல் ஆதார் தொடர்பாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அவருக்கு வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். தீர்ப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் 6 வருஷம் போனது. சட்டத்துக்கும் விதிகளுக்கும் நடுவில் 2 வருஷத்துக்கு மேல். கம்பெனிகள் முறையான அறிவிப்புக் கொடுத்துச் சம்மதம் வாங்க வேண்டும் என்ற முக்கியமான பகுதி நடைமுறைக்கு வர, விதிகள் வந்த நாளிலிருந்து இன்னும் 18 மாதம், அதாவது 2027 மே வரை. புட்டசாமி ஐயா 2024இல் 98 வயதில் காலமாகிவிட்டார். இவ்வளவு காத்திருந்து கிடைத்த சட்டம் கடைசியில் என் சுட்டுவிரலில் வந்து நின்றுவிடக் கூடாது என்பதால்தான் இந்த மடல்.

ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சொல்வது எனக்கு எளிதில்லை.

2021இல், எங்கள் ஊரில் தையல் வேலை பார்க்கும் ஒரு பெண் அவசரத்துக்கு 5,000 ரூபாய் வேண்டும் என்று செயலி ஒன்றில் கடன் எடுத்தார். பிடித்ததெல்லாம் போகக் கைக்கு வந்தது மூவாயிரத்துச் சொச்சம். ஏழே நாளில் முழுத் தொகையையும் கட்டச் சொன்னார்கள். எட்டாம் நாள் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தை வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டிய படம், கீழே இவள் திருடி என்று ஒரு வரி. எனக்கு ஏன் வந்தது? என் நம்பரை அவர் "நெட் சென்டர் அண்ணாச்சி" என்று போனில் பதிந்து வைத்திருந்தார். அதே படம் அவருடைய மாமனாருக்குப் போனது, பிள்ளையின் டீச்சருக்குப் போனது, துணி தைக்கக் கொடுக்கும் எல்லாருக்கும் போனது. மூன்று வாரம் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அப்புறம் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார்கள்.

அந்தச் செயலி என் கடையில்தான் அவருடைய போனில் ஏற்றப்பட்டது. என் கடைப் பையன்தான் ஏற்றிக் கொடுத்தான். தொடர்புகளைப் பார்க்கலாமா, போட்டோக்களைப் பார்க்கலாமா, இருக்கும் இடத்தைப் பார்க்கலாமா என்று வரிசையாகக் கேட்டது. மூன்றுக்கும் 'அனுமதி' என்று அழுத்தியவன் அவன். அவனுக்கு வயது 19. எந்தச் செயலிக்கும் அப்படித்தான் அழுத்துவான், ஏனென்றால் நான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அழுத்தாவிட்டால் உள்ளே போகாது அல்லவா?

அடுத்த வருஷம் செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் போனில் இருக்கும் தொடர்புப் பட்டியலையும், அழைப்பு விவரங்களையும், கோப்புகளையும், படங்களையும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டது. 2023 மே கடைசியில் கூகுள் பிளே ஸ்டோரும் அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தது. நல்லது. ஆனால் பிளே ஸ்டோருக்கே வராமல், வாட்ஸ்அப்பில் வரும் லிங்கைத் தட்டினால் நேராக ஏறிக்கொள்ளும் செயலிகளை அந்த விதி எட்டாது. அப்படி வந்ததை ஏற்றித் தரச் சொல்லி இன்றைக்கும் என் கடைக்கு ஆள் வருகிறது.

உங்கள் சட்டத்திலேயே இதற்கு நெருக்கமான ஒரு உதாரணம் இருக்கிறது. ஒருவர் மருத்துவ ஆலோசனைச் செயலி ஒன்றை ஏற்றுகிறார். அது வைத்தியத்துக்கான தகவலையும் கேட்கிறது, போனில் உள்ள தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது. அவர் இரண்டுக்கும் சரி என்கிறார். ஆனாலும் வைத்தியத்துக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை என்பதால், அவர் கொடுத்த சம்மதம் வைத்தியத்துக்கான தகவலுக்கு மட்டும்தான் செல்லும் என்று சட்டம் சொல்கிறது. இந்த ஒரு உதாரணத்தை நான் பத்து முறையாவது படித்திருப்பேன். தெரியாமல் கொடுத்தாலும், தேவைக்கு மேல் கொடுத்தது கணக்கில் வராது. என் மக்களுக்கு இந்தச் சட்டத்தில் இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு இதுதான் என்று நினைக்கிறேன். தயவுசெய்து இதை உதாரணமாக மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் முன் வரும் முதல் வழக்குகளிலேயே இதைக் கையில் எடுங்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்தத் தையல்காரப் பெண்ணின் போனில் இருந்த நம்பர்கள் அவருடையவை மட்டும் இல்லை. அதில் என் நம்பர் இருந்தது, டீச்சர் நம்பர் இருந்தது. எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவருடைய 'அனுமதி'யில் முந்நூறு பேருடைய நம்பர் போகிறது. அந்த முந்நூறு பேருக்கு நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

சரி, அறிவிப்புக்கு வருகிறேன். தமிழில் எழுதும் ஆள் என்ற முறையில் எனக்கு மனது கிடந்து அடித்துக்கொள்வது இங்கேதான்.

தகவல் கேட்கும் கம்பெனி முதலில் ஒரு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. அறிவிப்பு வேறு எதையும் தேடிப் படிக்காமலே புரிய வேண்டும். தெளிவான, எளிய மொழியில் இருக்க வேண்டும். என்னென்ன தகவல் எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சம்மதத்தைத் திரும்பப் பெறும் வழியும், உங்களிடம் புகார் செய்யும் வழியும் அதிலேயே இருக்க வேண்டும். கொடுக்க எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறவும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும்.

படிக்கப் படிக்க வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் 'எளிய மொழி' என்பதை யார் சோதிப்பார்கள்?

இப்போதே சில தளங்களில் தமிழில் தனியுரிமைக் கொள்கை இருக்கிறது. கடையில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம், அப்படி ஒன்றைத் திறந்து, பென்ஷன் விஷயமாக வந்திருந்த ஒரு ஆச்சிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "தங்களின் தனிப்பட்ட தகவல்கள் முறையான வணிக நோக்கங்களுக்காக எங்கள் துணை நிறுவனங்கள் மற்றும் மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம்" என்கிற மாதிரி ஒரு வாக்கியம். ஆச்சி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். தினமும் பேப்பர் வாசிப்பவர். கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "யாரு, யாருகிட்ட குடுப்பாங்களாம்?"

அந்த வாக்கியத்தில் அதற்குப் பதில் இல்லை. நாம் வீட்டிலோ கடையிலோ பேசும்போது "பகிரப்படலாம்" என்று பேசுகிறோமா? "பால்காரன் பாக்கியைச் சொன்னான்", "மாமா நிலத்தை வித்துட்டார்" என்று, செய்தவனை முன்னால் நிறுத்தித்தான் பேசுவோம். 'பகிரப்படும்' என்று எழுதினால் பகிர்கிறவன் ஒளிந்துகொள்கிறான். 'லாம்' சேர்த்துவிட்டால் பகிர்வானா மாட்டானா என்பதும் ஒளிந்துகொள்கிறது. 'மூன்றாம் தரப்பினர்' என்றால் யார்? விளம்பரக் கம்பெனியா, கடன் வசூலிக்கிறவனா, கல்லூரி ஏஜென்ட்டா? இந்தத் தமிழ் ஆங்கிலத்தில் எழுதினதை எந்திரம் போலப் புரட்டிப்போட்ட தமிழ். ஆங்கிலம் தெரியாதவருக்கும் இது தெரியாது, தமிழ் தெரிந்தவருக்கும் இது தெரியாது. ஆனால் 22 மொழியிலும் கொடுத்தாகிவிட்டது என்று கம்பெனி உங்களிடம் கணக்குக் காட்டும்.

அமெரிக்காவில் 2008இலேயே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் தான் போகும் தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளையெல்லாம் ஒழுங்காகப் படித்தால் வருஷத்துக்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று. அது அந்த மொழியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, இத்தனை செயலிகள் வராத காலத்தில்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. தமிழ் அறிவிப்பை எட்டாம் வகுப்பு படித்த ஒருவருக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். உங்களிடமிருந்து என்ன எடுக்கிறார்கள்? யாரிடம் கொடுப்பார்கள்? வேண்டாம் என்றால் எப்படி நிறுத்துவீர்கள்? அவர் பதில் சொன்னால் அது அறிவிப்பு. சொல்லாவிட்டால் அதைத் தமிழ் என்று நீங்கள் ஏற்கக் கூடாது. படிக்கத் தெரியாதவர்களுக்காக அதையே ஒரு குரலில் பதிந்து, ஒரு பொத்தானில் வைக்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் பட்டன் போன் வைத்திருக்கும் ஆச்சிகள்கூடப் பேரன் போனில் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் அனுப்பப் பழகிவிட்டார்கள். காது எல்லாருக்கும் இருக்கிறது.

ஓடிபி விஷயத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். விண்ணப்பம் என் கம்ப்யூட்டரில் இருந்தாலும், ஓடிபி வருவது ஆச்சியின் சொந்தப் போனுக்கு. அந்த ஒரு கணம்தான், முழு நடைமுறையிலும், கம்பெனி நேராக அவரிடம் பேசும் கணம். இப்போது அதில் வருவது ஆறு எண்ணும் ஆங்கிலத்தில் ஒரு வரியும். அதில் தமிழில் இரண்டு வரி சேர்த்தால் என்ன? "உங்கள் பெயர், வயது, போன் நம்பர் இந்தக் கம்பெனிக்குப் போகிறது. அவர்கள் இன்ன வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள். வேண்டாம் என்றால் இந்த எண்ணைச் சொல்லாதீர்கள்." எங்கள் ஊரில் ஓடிபி என்பதுதான் இன்றைக்குக் கைநாட்டு. கைநாட்டு வாங்கும் முன் பத்திரத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்ற நியாயம் பத்திர ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்குக்கூடத் தெரியும்.

என்னைப் போன்ற கடைக்காரர்கள் உங்கள் சட்டத்தில் எங்கேயும் கண்ணில் படவில்லை. தகவலுக்கு உரியவர் ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கம். நடுவில் உட்கார்ந்து டிக் போடும் லட்சக்கணக்கான கைகளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. "இந்த விண்ணப்பம் வேறொருவர் உதவியோடு நிரப்பப்படுகிறது" என்று சொல்ல ஒரு வழி இருந்தால் போதும். அப்படிச் சொன்னால், விண்ணப்பத்துக்கு மட்டும் அவசியமான சம்மதத்தைத் தவிர வேறு எதையும், விளம்பரம், வாட்ஸ்அப் செய்தி, பிற கம்பெனிகளுக்குக் கொடுப்பது என எதையும் அந்த அமர்வில் கேட்கக் கூடாது என்று வையுங்கள். முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருக்கும் கட்டங்கள் எனக்குத் தெரியாமலே எத்தனை ஆச்சிகளின் நம்பரைக் கொண்டுபோயிருக்கும் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

என் கடையில் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு அறிவிப்பு விட்டது. ஆதார் நகலை எல்லாருக்கும் கொடுக்காதீர்கள், நெட் சென்டர் போன்ற பொது இடத்துக் கம்ப்யூட்டரில் இ-ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் எல்லா நகலையும் அழித்துவிட்டு வாருங்கள் என்று. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த இரண்டு நாளில் நான் என் மூன்று கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரையும் திறந்து பார்த்துவிட்டேன். நாலாயிரத்துக்கு மேல் கோப்புகள். ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், இறப்புச் சான்று, கல்யாணப் போட்டோ. இ-ஆதாருக்குப் பாஸ்வேர்டு இருக்கிறது என்பீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருஷமும்தான் அது. ஒரே ஃபோல்டரில் அவருடைய பான் கார்டும் கிடந்தால் பூட்டும் சாவியும் ஒன்றாகக் கிடப்பதுதான். இத்தனை வருஷம் என் ஊர்க்காரர்களின் வீட்டுப் பத்திரத்தைத் திண்ணையில் போட்டு வைத்திருந்திருக்கிறேன். எதுவும் நடக்கவில்லை என்பது அவர்கள் செய்த புண்ணியம்.

எல்லாவற்றையும் அழித்தேன். அப்புறம் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். "உங்கள் பேப்பரை இந்த விண்ணப்பத்துக்கு மட்டும் ஸ்கேன் செய்கிறோம். வேலை முடிந்ததும் அழித்துவிடுவோம். உங்கள் போன் நம்பரை யாரிடமும் கொடுக்க மாட்டோம். பாஸ்வேர்டை உங்கள் நோட்டில் எழுதித் தருவோம், நாங்கள் வைத்துக்கொள்ள மாட்டோம். ஏதாவது தப்பு நடந்தால் என்னிடம் நேரில் கேளுங்கள்." ஒட்டிய இரண்டாம் நாள் ஒரு ஆச்சி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அழிப்போம்னு போட்டிருக்கியே, எப்போ அழிப்பே? நான் போன பொறவா? என் கண்ணு முன்னால அழி" என்றார். அன்றிலிருந்து திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து காட்டிவிட்டுத்தான் காசு வாங்குகிறேன். அட்டையையும் மாற்றி எழுதினேன்.

அந்த ஆச்சி கேட்ட "எப்போ" உங்கள் விதிகளில் ஓரளவுக்குத்தான் இருக்கிறது. 2 கோடிக்கு மேல் பயனர்கள் உள்ள பெரிய விற்பனைத் தளங்களும் சமூக வலைத்தளங்களும், 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள விளையாட்டுத் தளங்களும், ஒருவர் 3 வருஷம் எட்டிப் பார்க்காவிட்டால் அவருடைய தகவலை அழிக்க வேண்டும், 48 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டு அழிக்க வேண்டும் என்று இருக்கிறது. மற்றவர்களுக்கு, வந்த காரியம் முடிந்தால் அழிக்க வேண்டும் என்பதோடு சரி. ஒருவர் எட்டிப் பார்க்காவிட்டால் இத்தனை வருஷத்தில் அழிக்க வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்கு இல்லை. என் கடையிலிருந்து தகவல் போவதோ பெரும்பாலும் சின்னத் தளங்களுக்கு. உள்ளூர்க் கல்யாணத் தகவல் மையம், வேலை வாங்கித் தருகிறோம் என்கிற தளம், கல்லூரி விசாரணைத் தளம். அவர்களிடம் போய் "எப்போ" என்று கேட்பது யார்?

கல்லூரி விசாரணை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், ஒரு அம்மா மகளோடு வந்தார். கட்-ஆஃபுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று பார்க்க ஒரு தளம். பெயர், மார்க், அம்மாவின் போன் நம்பர் எல்லாம் போட்டால்தான் பதில் காட்டும். போட்டேன். நான்கு நாளில் அந்த அம்மாவுக்கு 37 அழைப்பு. எண்ணி வைத்திருந்தார். பிள்ளை பெயரைச் சொல்லி, மார்க்கைச் சொல்லி, "சீட் போட்டு வைக்கட்டுமா" என்று. பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கைவேலையை விட்டுவிட்டு ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார், அரசு ஆபீஸிலிருந்து பேசுகிறார்களோ என்ற பயத்தில். ஆயிரம் பீடிக்கு இத்தனை என்று கூலி வாங்குகிறவருக்கு ஒவ்வொரு அழைப்பும் காசு.

அந்தப் பிள்ளைக்கு வயது 17. உங்கள் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. குழந்தையின் தகவலை எடுக்கப் பெற்றோரின் சம்மதத்தை, அது உண்மையிலேயே பெற்றோருடையதுதானா என்று சரிபார்த்துப் பெற வேண்டும். குழந்தையைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் 17 வயதுக்காரர்கள்தான். அப்படியானால் மே, ஜூன் மாதங்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் இந்த வியாபாரம் ஏறக்குறைய மொத்தமும் குழந்தைகளின் தகவலை வைத்து நடக்கும் வியாபாரம். பெரிய கம்பெனிகளைப் பிடிக்க நேரம் ஆகும் என்றால், 2027 மே மாதம் இங்கிருந்து ஆரம்பியுங்கள். சட்டம் முழுதாக அமலுக்கு வரும் மாதமும் ரிசல்ட் வரும் மாதமும் ஒன்றாகவே அமைந்திருக்கிறது.

புகார் விஷயத்தில் எனக்குப் பயம் இருக்கிறது. முதலில் கம்பெனியிடம்தான் முறையிட வேண்டும், அவர்கள் பதில் சொல்ல 90 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம், அதன் பிறகுதான் உங்களிடம் வரலாம். அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு எட்டாம் நாளே எல்லாம் முடிந்துவிட்டது. மானம் போகிற விஷயத்துக்கு 90 நாள் பொருந்தாது. அப்படிப்பட்டவற்றைத் தனியாகப் பிரித்து, சில நாளில் பதில் வர வேண்டும் என்று கம்பெனிகளிடம் கேளுங்கள். உங்கள் வாரியம் தலைநகர் வட்டாரத்தில் இருக்கும், நடைமுறை எல்லாம் இணையத்திலேயே நடக்கும் என்கிறார்கள். தூரம் பிரச்சினை இல்லை என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தப் புகார்ப் படிவம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்தால், அதையும் நான்தான் நிரப்ப வேண்டிவரும். தமிழிலும், முடிந்தால் குரலிலும் புகார் கொடுக்க வழி வேண்டும்.

பொய்யான, அற்பமான புகார் கொடுத்தால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று ஒரு இடம் இருக்கிறது. கம்பெனிக்கு 250 கோடி வரை என்றால் அது அவர்களுக்கு ஒரு கணக்கு. எங்கள் ஊரில் 10,000 ரூபாய் என்பது காதில் கிடக்கும் கம்மல் அடகுக்குப் போவது. விவரம் சரியாகச் சொல்லத் தெரியாமல் எழுதும் புகார் அற்பப் புகார் ஆகாது என்று நீங்கள் முதல் நாளிலேயே எழுத்தில் சொல்லாவிட்டால், இந்த ஒரு வரியைக் காட்டியே ஆட்களைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்புவார்கள்.

அபராதம் முழுவதும் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது என்பதையும், தகவல் கசிந்து நஷ்டப்பட்டவருக்கு ஈடு கேட்க வழி வைத்திருந்த பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை இந்தச் சட்டம் எடுத்துவிடுகிறது என்பதையும் படித்தபோது மனைவிதான் முதலில் கேட்டாள், "அப்போ அந்தப் பொண்ணுக்கு என்ன?" இதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. ஆனால் உங்களிடம் வரும் வழக்குகளில் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று ஒவ்வொரு உத்தரவிலும் எழுதி வையுங்கள். நாளைக்குச் சட்டத்தைத் திருத்தக் கேட்கிறவர்களுக்கு அது ஆதாரமாகும்.

அரசு கேட்கும் தகவல் பற்றியும் ஒரு வார்த்தை. மானியம், சான்றிதழ், உரிமம் போன்றவற்றுக்குச் சில நிபந்தனைகளோடு அரசு புதிதாகச் சம்மதம் கேட்காமலே தகவலைப் பயன்படுத்தலாம் என்று 7ஆம் பிரிவு சொல்கிறது. பென்ஷன் கொடுக்க அது தேவைப்படும் என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும், என்ன எடுக்கிறோம், எங்கே வைக்கிறோம் என்று அந்த ஆச்சியிடம் தமிழில் சொல்வதற்கு எந்தப் பிரிவும் தடை இல்லை. அரசுத் தளங்கள் முதலில் சொல்ல ஆரம்பித்தால் தனியார் தானாக வருவார்கள்.

கடைசியாக, ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் தமிழில் ஒரு மாதிரி தயாரித்தால், அரசிதழில் போடும் முன்னால் எங்களைப் போன்ற பத்துக் கடைகளுக்கு அனுப்புங்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுகிறேன். எந்த வரியில் "யாரு, யாருகிட்ட" என்று நிறுத்திக் கேட்கிறார்களோ, அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, அவர்கள் கேட்டதை அப்படியே எழுதித் திருப்பி அனுப்புகிறேன். திங்கள்கிழமை கூட்டம் அதிகம். செவ்வாய், புதன் மத்தியானம் நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு நெட் சென்டர்காரர்,
தென்காசி மாவட்டம்